புலியல்ல, பூனை



இம்மாதம் ஒரு புகைப்படத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் படத்தை இப்பக்கத்தில் அச்சிட்டுக் காட்டவில்லை. எடுத்தவர் தடை சொல்லவில்லை; நானே வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஏன் என்பது வாசித்துக்கொண்டே போகையில் உங்களுக்கு விளங்கும்.

பெங்களூரில் மின்பணி செய்து பிழைக்கும் ஒரு சகோதரர், நம் வாசகர், சக்குபள்ளத்தைச் சேர்ந்தவர். இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையே உள்ள ஊராட்சி அது. செல்லார்கோவில் முனையில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து தெரியும். அவருடைய பெற்றோருக்கு அங்கே சிறிய ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. காய் எடுப்பு நடக்கும் காலத்தில் விடுப்பெடுத்து ஊருக்குப் போயிருந்தார். ஒருநாள் பொழுது சாயும் வேளையில் படுதாக்குளத்தின் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது, கல்லடுக்குச் சுவரின் மேல் ஒரு மிருகம் நின்றுகொண்டிருந்தது. பூனையின் அளவு. உடம்பெல்லாம் கரும்புள்ளி. அவர் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. கையிலிருந்த கைப்பேசியில் மூன்று படங்கள் எடுத்தார். முதலாவது தெளிவு. இரண்டாவது கலங்கல். மூன்றாவதில் வால் மாத்திரம் இருக்கிறது. அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் படத்தைக் குடும்பக் குழுவில் அனுப்பினார். “இது என்ன மிருகம், யாருக்காவது தெரியுமா?” என்று மட்டும் கேட்டிருந்தார். அவருடைய சித்தப்பா ஒருவர் “புலிக்குட்டி” என்று பதில் போட்டார். அந்தச் சொல் படத்தோடு ஒட்டிக்கொண்டது. இரவு ஒன்பது மணிக்குக் கம்பத்திலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்து, “தோட்டத்துக்குள் புலி வந்துவிட்டதாமே, அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்துவிடு” என்று அழுதிருக்கிறார். மறுநாள் காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் காய் எடுக்க வரும் பெண்களில் இரண்டு பேர் வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர், குட்டி இருந்தால் தாயும் இருக்கும் என்று கணக்குப் போட்டு, பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியை எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் சகோதரர் எனக்குப் படத்தை அனுப்பி, “அண்ணா, இது என்னவென்று கேட்டுச் சொல்லுங்கள்” என்றார். காட்டுயிர்களை அறிந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் பார்த்த மாத்திரத்தில், “சிறுத்தைப்பூனை. வளர்ந்த பூனை. இதற்கு மேல் வளராது” என்றார்.

பிரியமானவர்களே, ஒரு பெயர் எவ்வளவு தூரம் ஓடுகிறது பாருங்கள்! இந்த எல்லைப்பகுதியில் அது ஓடுவதற்கு மொழியே வழி விடுகிறது. மலையாளத்தில் ‘புலி’ என்றால் சிறுத்தை. தமிழர் புலி என்று சொல்லுவதற்கு அவர்கள் ‘கடுவா’ என்பார்கள். சிறுத்தைப்பூனையை மலையாளத்தில் ‘புலிப்பூச்ச’ என்று அழைப்பார்கள். மலை மேலே ஒருவர் ‘புலிப்பூச்ச’ என்கிறார். கேட்டவர் பின்பாதியை விட்டுவிட்டு ‘புலி’ என்கிறார். அதே சொல் மலை இறங்கிக் கம்பத்தை அடையும்போது வரிவரியான பெரும் புலியாக நிற்கிறது. மூன்று கிலோ எடையுள்ள பிராணி ஒரே இரவில் இருநூறு கிலோவாகிவிட்டது.

நம்முடைய தமிழ் வேதாகமத்திலும் இதைப் போன்ற ஒன்று உண்டு. எரேமியா 13-ஆம் அதிகாரத்தில் தன் புள்ளிகளை மாற்றக்கூடாத மிருகத்துக்குச் ‘சிவிங்கி’ என்று பெயர். ஏசாயா 11-ஆம் அதிகாரத்தில் வெள்ளாட்டுக்குட்டியோடு படுத்துக்கொள்ளும் மிருகம் ‘புலி’. எபிரெய மூலத்தில் இரண்டு இடங்களிலும் ஒரே சொல்தான். அது சிறுத்தையைக் குறிக்கிறது. பரிசுத்த வேதத்தை மொழிபெயர்த்த பக்தியுள்ள அறிஞர்களுக்கே இந்தப் பெயர்கள் எளிதாய் இருக்கவில்லை என்றால், சித்தப்பாவைக் குறைசொல்லுவது நியாயமல்ல.

ஆனாலும் ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். தோட்டத்தில் ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட ஆரம்ப வேலைகளில் ஒன்று என்ன? தேவன் மிருகங்களை அவனிடத்தில் கொண்டுவந்தார். அவன் அவைகளுக்குப் பெயரிட வேண்டியிருந்தது. பாவம் உலகத்தில் பிரவேசிப்பதற்கு முன்பே மனிதனுக்கு அருளப்பட்ட கண்ணியமான வேலை அது. ஒன்றைச் சரியாய்ப் பெயர் சொல்லி அழைப்பதற்கு முதலில் அதை நின்று பார்க்கவேண்டும்.

ஆகவே அந்தப் பூனையைச் சற்று நின்று பார்ப்போம்.

சிறுத்தைப்பூனை வீட்டுப்பூனையின் அளவே உள்ளது. கால்கள் மாத்திரம் கொஞ்சம் நீளம். மஞ்சள் கலந்த பழுப்பு மேனியில் கரும்புள்ளிகள். நெற்றியிலிருந்து பிடரி வரை கருங்கோடுகள் ஓடும். காதுகளின் பின்புறம் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கும்; திரும்பி ஓடும்போது அது பளிச்சென்று தெரியும். சிறுத்தையின் குட்டியோ முகம் அகன்று, பாதங்கள் உடம்புக்குப் பொருந்தாமல் பருத்து, புள்ளிகள் ரோஜாப்பூ வடிவில் கொத்துக்கொத்தாய் இருக்கும். புள்ளியே இல்லாமல் மணல் நிறத்தில், வாலின் நுனியில் கரு வளையங்களோடு தென்பட்டால் அது சாதாரணக் காட்டுப்பூனை.

இவற்றிலும் சிறியது ஒன்று உண்டு. துருப்புள்ளிப் பூனை. வளர்ந்த பின்பும் ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோதான். ஆசியாவிலேயே மிகச் சிறிய காட்டுப்பூனை. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அறிவியல் உலகம் இதற்குப் பெயர் சூட்டியது 1831-இல். சூட்டியவர் பிரான்சு தேசத்து இசிதோர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர். அவர் கையில் இருந்த மாதிரி எங்கிருந்து போனது தெரியுமா? நம்முடைய புதுச்சேரியிலிருந்து. தமிழ் மண்ணிலிருந்து கப்பலேறி உலகப் பெயர் பெற்ற இந்தச் சிறு பூனையை நம்மில் எத்தனை பேர் பெயரளவிலாவது அறிந்திருக்கிறோம்? மருத்துவராய் இந்தியாவுக்கு வந்து பறவைகளையும் மிருகங்களையும் ஆராய்ந்த ஜெர்டன், 1867-இல் வெளியிட்ட நூலில், தாம் வளர்த்த துருப்புள்ளிப் பூனைக்குட்டி ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். எட்டு மாதக் குட்டியாய் இருக்கையில் ஒரு மான்கன்றை அந்த அறைக்குள் விட்டாராம். கண்ட நொடியிலேயே அது பாய்ந்து மான்கன்றின் பிடரியைக் கவ்விக்கொண்டதாம். பிடுங்கி எடுப்பதே பாடாகிவிட்டதாம். உருவத்தைப் பார்த்து யாரும் எடைபோட வேண்டாம்.

பழந்தமிழர் இவ்வகைப் பூனைகளை ‘வெருகு’ என்றார்கள். மாலை வேளையில் வீட்டருகே வந்த வெருகைக் கண்டு தாய்க்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி குறுந்தொகையிலேயே இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பகை! இன்றும் மலைத்தோட்டங்களில் கோழிக்கூட்டைத் திறந்து போட்டால் வெருகு வரும், தூக்கும். அதை மறைத்து, பூனை பரம சாது என்று நான் எழுதினால் அதுவும் பொய்ச்சாட்சியே. ஆனால் கோழி அதற்கு என்றோ ஒருநாள் விருந்து; அன்றாட ஆகாரம் எலி. இராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 வரை எலிகளைத் தின்பதாகக் கணக்கிட்டார்கள். ஏலக்காயை எலி எப்படி நாசம்பண்ணும் என்பதைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. சம்பளமில்லாத காவல்காரனுக்குத்தான் கண்ணி வைக்கிறோம்.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். ஷோமிதா முகர்ஜி, உமா ராமகிருஷ்ணன் முதலான விஞ்ஞானிகள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் காட்டுப்பூனை, சிறுத்தைப்பூனை ஆகியவற்றின் எச்சங்களைச் சேகரித்து மரபணுவைச் சோதித்தார்கள். காட்டுப்பூனை நாடெங்கும் ஒன்றோடொன்று கலந்தே இருக்கிறது. சிறுத்தைப்பூனையோ நடு இந்தியாவின் வெயிலைத் தாங்குவதில்லை. ஆகையால் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்பவை வடக்கே உள்ள தங்கள் இனத்தாரோடு தொடர்பற்றுத் தனித்து நிற்கின்றன. இங்கே குறைந்துபோனால் அங்கிருந்து வந்து நிரப்ப வழியில்லை. சக்குபள்ளத்துக் கல்லடுக்கின் மேல் நின்ற அந்தப் பூனை, வெயில் சூழ்ந்த சமவெளிக்கு நடுவே மலைத்தீவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் அங்கம்.

புலியே வராது என்று நான் சொல்லவில்லை. பெரியாறு புலிகள் காப்பகம் அருகில்தான் இருக்கிறது. 2025 மார்ச் மாதத்தில் வண்டிப்பெரியாறு அருகே ஒரு புலி ஊருக்குள் வந்து கால்நடையை அடித்தது. மயக்க ஊசி போட முயன்ற வனத்துறையினர் மேல் பாய்ந்து, சுடப்பட்டு இறந்தது. அங்கே குடியிருப்பவர்களின் பயம் கற்பனையல்ல. நகரத்தில் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பயத்தைப் பரிகாசம் செய்வது நமக்குத் தகாது. ஆனால், மெய்யான பயம் இருக்கும் இடத்தில் பொய்யான செய்தியை அனுப்புகிறவன் இரண்டு மடங்கு பொறுப்பாளி. நாளைக்கு உண்மையாகவே புலி வரும்போது யார் நம்புவார்கள்?

அதற்கு எதிரான வேறொரு பாவமும் இதே மாவட்டத்தில் நடந்தது. 2021 ஜனவரியில் மாங்குளத்தில் ஒரு சிறுத்தையைப் பொறி வைத்துப் பிடித்துக் கொன்று, அதன் இறைச்சியைச் சமைத்ததற்காக ஐந்து பேரை வனத்துறை கைது செய்தது. சிறுத்தைப்பூனையும் துருப்புள்ளிப் பூனையும் சிறுத்தையைப் போலவே 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கொன்றால் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. ஏழு வருடம் வரையும் போகலாம். 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. “பன்றிக்குத்தான் வைத்தேன்” என்பது நல்ல பதில் ஆகாது. கம்பிக்குப் பன்றி எது, பூனை எது என்று தெரியாது.

பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்த நமக்குச் ‘சாட்சி’ என்ற சொல் புதிதல்ல. ஞாயிறு ஆராதனையில் சாட்சி வேளை உண்டு. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று அறிவிக்கிறோம். அதில் ஒரு பலவீனமும் நமக்கு உண்டென்பதை மறைக்கவேண்டாம். போன வருடம் மூன்று நாள் காய்ச்சலாய் இருந்தது, இந்த வருடம் சொல்லும்போது மரணப்படுக்கையாகிவிடுகிறது. தேவனுடைய மகிமைக்காகத்தானே கூட்டிச் சொல்லுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுகிறோம். அவருடைய மகிமைக்கு நம்முடைய கூட்டல் தேவையா? புகைப்படமும் ஒரு சாட்சியே. இந்த நாளில், இந்த இடத்தில், இந்த ஜீவனை நான் கண்டேன் என்று அது சொல்லுகிறது. பூனையைப் புலியாக்கி அனுப்பினால், பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவதை மீறினோமா இல்லையா? அயலானுக்கு விரோதமாய் என்றுதானே கட்டளை, பூனைக்கு என்ன என்று ஒருவர் கேட்கலாம். அன்றைய தினம் கூலி இழந்த இரண்டு பெண்களும் அயலார்தான்.

சகோதரர் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதே படத்தை, “இது சிறுத்தைப்பூனை, புலிப்பூச்ச, எலி பிடிக்கும், ஆளைத் தொடாது” என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, முதலில் போன குழுக்கள் எல்லாவற்றுக்கும் மறுபடி அனுப்பினார். சித்தப்பாவுக்குத் தனியாகப் பேசி, பெரியவர் மனம் நோகாமல் அவரே குழுவில் திருத்திச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவரும் சொன்னார். ஆட்களை அழைத்துவரும் மேஸ்திரியிடம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அடுத்த நாள் அந்தப் பெண்கள் இருவரும் ஜீப்பில் வந்திறங்கினார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கம்பியை என்ன செய்தார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டே பெங்களூருக்கு வண்டியேறினார். இவ்வளவுக்கும் இரண்டு நாள் பிடித்தது. படம் எடுக்கப் பிடித்தது அரை நிமிடம்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது எதுவென்றால், மூன்றாவது படத்துக்குப் பின் அவர் நிறுத்திக்கொண்டதுதான். செடிகளுக்குள் துரத்திக்கொண்டு போகவில்லை. மறுநாள் கோழிக்காலைக் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருக்கவில்லை. பல வருடங்களாகக் காட்டில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டிவைத்துக் காத்திருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தச் சிறு பூனைகள் எப்போதோ ஒருமுறை காட்சி கொடுக்கின்றன. எண்ணிக் காத்திராதவருக்கு வேலை முடிந்து திரும்பும் வழியில் அது கிடைத்தது. கிருபையாய்க் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சங்கீதம் 104-ஐத் தியானிக்கும்போதெல்லாம் ஏலத்தோட்டம்தான் என் நினைவுக்கு வரும். அதிலே இரவு காட்டு ஜீவன்களுக்கும், பகல் உழைக்கும் மனிதனுக்கும் என்று முறை பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. காலையில் ஜீப்பில் வருகிறவர்கள் மாலையில் இறங்கிப் போகிறார்கள். பிறகு அதே செடிகளுக்கு நடுவே வெருகு தன் வேலைக்கு வருகிறது. சகோதரர் அதைக் கண்டது முறை மாறும் அந்த வேளையில். யோபு புத்தகத்தில், 38-ஆம் அதிகாரம் தொடங்கி, தேவன் யோபுவின் கேள்விகளுக்கு மறுமொழி சொல்லும்போது என்ன பேசுகிறார்? மனுஷர் குடியிராத இடத்தில் பெய்யும் மழையைப் பற்றியும், யாரும் பாராத மலைகளில் ஈனும் ஆடுகளைப் பற்றியும் பேசுகிறார். நமக்குப் பயன்படாததும், நம் கண்ணில் படாததுமான ஜீவன்களைக்கூட அவர் விசாரிக்கிறார். நாம் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர் கண்களுக்கு முன்பாக அந்தப் பூனை இருக்கிறது.

விடுமுறைக்கு மலையூர்களுக்குப் போகும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். இப்படி ஏதேனும் எதிர்ப்பட்டால் அசையாமல் நில்லுங்கள். பளிச்சென்ற வெளிச்சம் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்களை அது சிறிது நேரம் குருடாக்கும். பிள்ளைகளைச் சத்தமிட விடாதேயுங்கள். படத்தை ஊரறிய அனுப்புமுன் அறிந்தவரிடம் பெயர் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த வளைவு என்பதைச் சொல்லாதேயுங்கள். கைப்பேசியில் இடத்தைப் பதிவு செய்யும் வசதி திறந்திருந்தால் படத்தோடு அந்த விவரமும் சேர்ந்து போகக்கூடும், அணைத்துவையுங்கள். நமக்கு வந்த படத்தில் அந்தக் குளமும் வீட்டு ஓடும் தெளிவாய் விழுந்திருந்தன. அதை ஏன் இங்கே அச்சிடவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். பெரிய மிருகம் என்ற சந்தேகம் இருந்தால் குழுவுக்கு அல்ல, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முக்கியமாக, குட்டிகள் மாத்திரம் கிடந்தால் தொடாதேயுங்கள். தாய் விட்டுப்போய்விட்டது என்று இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வந்து பால் ஊற்றுவதுதான் வழக்கமாய் நடக்கிறது. உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் பறவைக்கூட்டைப் பற்றிய பிரமாணத்தை வாசித்திருப்பீர்கள். வழியில் தற்செயலாய் எதிர்ப்படும் தாய்ப்பறவையைக்கூடக் கர்த்தர் ஒரு சட்டத்தால் காத்திருக்கிறார். மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகளும் துருப்புள்ளிப் பூனைக் குட்டிகளும் அடிக்கடி கிடைக்கின்றன. அங்கே வனத்துறையினரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவர்களும் குட்டிகளைச் சோதித்துப் பார்த்து, பொழுது சாய்ந்ததும் ஒரு பெட்டியில் இட்டு, கண்டெடுத்த அதே வயலிலேயே வைத்துவிட்டு விலகிப் போகிறார்கள். பக்கத்தில் ஒரு கேமரா மாத்திரம் இருக்கும். ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு தாய் வந்து சுற்றுமுற்றும் பார்த்து, பெட்டியை மோந்து, ஒவ்வொரு குட்டியாய்ப் பிடரியில் கவ்விக்கொண்டு கரும்புக்குள் போவது அதில் பதிவாகியிருக்கிறது.